விடை விற்பவர் ஆசிரியர் ஆவாரா?

நமது சமூகத்தில் எவ்விதத் தடையுமின்றிச் செழித்து வளர்ந்து வரும் வியாபாரம் ஒன்று உண்டெனில், அது ‘டியூஷன்’ வியாபாரமேயாகும். பிரிக்ஃபீல்ட்ஸ் கடைத்தெருவின் மாடிப்படிகளிலும், கிள்ளான் தெங்கு கிளானா சாலையின் தூண்களிலும், நாம் குடியிருக்கும் சுங்கை வேயின் அடுக்குமாடி வீட்டுச் சுவர்களிலும் அதன் விளம்பரத் தாள்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டப்பட்டிருக்கின்றன. சென்ற ஆண்டு இத்தனை பேர் ‘ஏ’ வாங்கினார்கள் என்கிறது ஒரு தாள். தேர்வில் வரப்போகும் வினாக்களை முன்கூட்டியே தருவோம் என்கிறது மற்றொரு தாள். கற்பித்துத் தருவோம் என்று சொல்லும் தாளை மட்டும் நாம் இதுவரை கண்டதில்லை.

இவ்வியாபாரம் முழுவதையும் குறை கூறுவது நமது நோக்கமன்று. பள்ளியில் விளங்காததைப் பிள்ளைகள் மாலையில் வேறொருவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வதில் யாருக்கும் ஆட்சேபனை இருக்க நியாயமில்லை. நாம் இங்கே எடுத்துக்கொள்வது ஒரு பாடத்தை மட்டுமே, அஃதாவது பொருளாதாரம். அப்பாடத்திற்குத் தனி ஆசிரியராக வருபவருக்கு என்ன யோக்கியதை வேண்டும் என்பதே நமது கேள்வி. பௌதிகம் படிக்காதவனை எவரும் பௌதிகத்தைக் கொண்டு ஏமாற்றி விட முடியாது. பொருளாதாரம் அறியாதவனையோ அவன் வாங்கும் கூலியிலும், போடும் பங்கிலும், கட்டும் கடனிலும் ஒவ்வொரு நாளும் ஏமாற்றலாம். ஆனபடியால், இப்பாடத்தை யார் போதிக்கிறார் என்பது நம்மவர் வாழ்வைப் பற்றிய விஷயம்.

நமது வெட்கம் ஒன்று

பிறரைக் குறை கூறுமுன் நமது குறையைச் சொல்லிவிடுவது ஒழுங்கு. நாம் செம்பனைத் தோட்டத்தில் கணக்கெழுதிப் பிழைக்கும் கிராணி. ஆங்கில வழிப் பள்ளியில் படித்தோம். பொருளாதாரத்திற்கு டியூஷனும் போனோம். உயர்ந்த மதிப்பெண்ணும் வாங்கினோம்.

2022ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், உக்ரைன் போரினால் சூரியகாந்தி எண்ணெய் வரத்துக் குறைய, செம்பனை எண்ணெயின் விலை டன் ஒன்றுக்கு 7,000 வெள்ளியைத் தாண்டிற்று. அடுத்த மாதம் இந்தோனேசிய அரசாங்கம் ஏற்றுமதியையே சில வாரங்கள் நிறுத்தி வைத்தது. அந்நாட்களில் ஒரு சம்பள தினத்தன்று, குலை அறுக்கும் பெரியவர் ஒருவர் நமது மேசைக்கு முன் வந்து நின்றார். “கிராணி ஐயா, எண்ணெய் விலை இந்த உயரத்துக்கு ஏறியிருக்கிறது என்று பேப்பரில் போட்டிருக்கிறான். எங்கள் கூலி மட்டும் அதில் காற்பங்கு உயரமாவது ஏன் ஏறவில்லை?” என்று கேட்டார்.

நாம் சொன்ன பதில் யாது? “அண்ணே, அதெல்லாம் மேலிடத்துக் காரியம்” என்பதே. அவர் சம்பளச் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். தேவைக்கும் அளிப்புக்கும் இலக்கணம் ஒரு மூச்சில் ஒப்பிக்கக்கூடிய நமக்கு, ஒரு மனிதர் தம் வயிற்றைத் தொட்டுக் கேட்ட பொருளாதாரக் கேள்விக்கு விடை தெரியவில்லை. நமக்குப் போதித்தவர் ஆயிரம் விடைகளைத் தந்தார். அவற்றில் ஒன்றுகூட அன்று உதவவில்லை.

1941இல் கேட்கப்பட்ட கேள்வி

இந்தக் கேள்வி புதிதன்று. 1941ஆம் ஆண்டில் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நம் முன்னோர் நடத்திய வேலைநிறுத்தத்தின் அடியில் இருந்ததும் இதுவே. உலக யுத்தத்தினால் ரப்பருக்குக் கிராக்கி மிகுந்திருந்த காலம் அது. விலை ஏறியும் கூலி ஏன் ஏறவில்லை என்று அவர்கள் கேட்டார்கள். சீனத் தொழிலாளருக்குக் கிடைப்பதற்கு ஒத்த கூலி தமக்கும் வேண்டும் என்றார்கள். கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தின் ஆர். எச். நாதன் கைது செய்யப்பட்டார். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் உயிர் துறந்தனர்.

அவர்களுடைய கோரிக்கைகளுள் ஒன்றை நம் போன்ற கிராணிமார் மறக்கலாகாது. துரைமார் முன்னிலையிலும் தோட்டத்து உத்தியோகஸ்தர் முன்னிலையிலும் சைக்கிளை விட்டு இறங்காமல் செல்லும் உரிமை வேண்டும் என்பது அக்கோரிக்கை. நமது வகுப்பார் நடந்து வர, கூலிக்காரர் சைக்கிளை விட்டு இறங்கி நின்ற காலம் அது. அன்று அவ்வகுப்பாருக்கு அந்த மேன்மையைக் கொடுத்தது யாது? ஆங்கில எழுத்தும் கணக்குமே. அறிவைப் பெட்டியில் பூட்டி வைத்துக்கொண்டு அதைக் காட்டி மரியாதை வாங்கும் பழக்கம் அப்போதே தொடங்கிவிட்டது. விடைகளைத் தாளில் அச்சடித்து விற்கும் இன்றைய டியூஷன் அப்பழக்கத்தின் பேரப்பிள்ளை என்றே நாம் கருதுகிறோம்.

பாடப்புத்தகம் இல்லாத அந்தத் தொழிலாளர் சரியான கேள்வியைக் கேட்டார்கள். பாடப்புத்தகமும் டியூஷனும் உள்ள நம் பிள்ளைகள் அக்கேள்வியைக் கேட்பதில்லை.

ஒரு வரிக் குறிப்பு

2025ஆம் ஆண்டில் நமது அடுக்குமாடியில் ஆறாம் படிவம் படிக்கும் பெண் ஒருத்தி தன் டியூஷன் குறிப்புகளைக் கொண்டுவந்து காட்டினாள். அவளுடைய தாத்தா பால்மரம் வெட்டியவர். தாயார் சுங்கை வேயின் சுதந்திர வாணிப வட்டாரத்திலுள்ள மின்னணுத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்ப்பவர். டியூஷன் கட்டணத்திற்காக அந்த அம்மையார் ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்குப் போகிறார். வகுப்பில் அறுபது பிள்ளைகள். ஆசிரியர் ஒலிபெருக்கியில் பேசுகிறார். யாரும் கேள்வி கேட்பதில்லை.

குறிப்பில் ஒரு வரி இருந்தது. குறைந்தபட்சக் கூலியைச் சட்டம் நிர்ணயித்தால் வேலையில்லாத் திண்டாட்டம் உண்டாகும் என்பது அவ்வரி. அதன் கீழே ஒரு படம். படத்தின் கீழே, ‘இப்படியே எழுதுக’ என்ற கட்டளை. அவள் அதை எழுத்துப் பிசகாமல் ஒப்பித்தாள். பிறகு சிறிது தயங்கி, “அண்ணா, பிப்ரவரி முதல் அம்மாவுக்கு 1,700 வெள்ளி ஆக்கிவிட்டார்கள். அப்படியானால் அம்மாவுக்கு வேலை போய்விடுமா?” என்று கேட்டாள்.

இதை ஏன் உன் ஆசிரியரிடம் கேட்கவில்லை என்றோம். “கேட்டால் நேரம் போய்விடும் என்பார்” என்றாள். வாசகர்கள் இதைக் கவனிக்க வேண்டுகிறோம். அந்தப் பிள்ளையின் வாயில் அன்று பிறந்ததுதான் பொருளாதாரம். ஒலிபெருக்கிக்கு முன் அது பிறந்திருக்க வழியில்லை.

நாம் அவளிடம் வேறொன்று கேட்டோம். “தாத்தா தோட்டத்தில் இருந்தபோது கூலி போதவில்லையென்றால் எங்கே போயிருப்பார்?” அவள் யோசித்துவிட்டு, “எங்கே போவது? வேலையை விட்டால் லயத்து வீட்டையும் விட வேண்டுமே” என்றாள். உழைப்பை வாங்குவதற்குச் சுற்றிலும் ஒரே முதலாளி இருக்கும் நிலைக்கு ஆங்கிலப் பொருளாதாரத்தில் ‘மொனாப்சனி’ என்று பெயர். ஜோன் ராபின்சன் என்னும் கேம்பிரிட்ஜ் அம்மையார் 1933இல் வெளியிட்ட நூலினால் அச்சொல் வழக்கிற்கு வந்தது. அதன் பொருளை அம்மையாரின் நூலைப் படியாமலே இந்தப் பிள்ளை தன் தாத்தாவின் வீட்டிலிருந்து சொல்லிவிட்டாள்.

இனி, அந்நிலையில் கூலிச் சட்டம் என்ன செய்யும் என்பதைச் சிறு கணக்கினால் காட்டினோம். ஒரு தோட்டத்தில் பத்துப் பேர் நாளொன்றுக்கு 50 வெள்ளிக்கு வேலை செய்கிறார்கள் என்று கொள்வோம். மொத்தம் 500 வெள்ளி. பதினோராவது ஆள் 52 வெள்ளி தந்தால்தான் வருவார். ஆனால் அவருக்கு 52 கொடுத்துவிட்டு மற்றப் பத்துப் பேருக்கும் 50 என்று வைத்திருக்க முடியாது. எல்லாருக்கும் 52 ஆக்க வேண்டும். மொத்தம் 572 வெள்ளி. ஆகவே அந்த ஒரு ஆளால் முதலாளிக்கு ஏற்படும் கூடுதல் செலவு 52 அன்று, 72 ஆகும். அவர் வேலையினால் வரும் வரும்படி 60 வெள்ளிதான் என்றால், முதலாளி அவரை வைக்க மாட்டார்.

இப்போது அரசாங்கம், எல்லாருக்கும் 52 வெள்ளி கொடுத்தே தீர வேண்டும் என்று சட்டம் செய்கிறது. பத்துப் பேருக்கு 520, பதினொருவருக்கு 572. பதினோராவது ஆளால் கூடும் செலவு இப்போது 52 மட்டுமே. அவரால் வருவது 60. முதலாளி அவரை வேலைக்கு எடுத்துக்கொள்கிறார். கூலியும் ஏறிற்று, வேலையும் ஏறிற்று. குறிப்பிலிருந்த ஒரு வரி எங்கே போயிற்று?

அந்த வரி முழுப்பொய் என்று நாம் சொல்ல வரவில்லை. பல முதலாளிகள் ஆளுக்குப் போட்டியிடும் இடத்தில், சட்டக்கூலி மிக உயர்ந்தால் வேலை குறையக்கூடும். நமது கணக்கிலேயே கூலியை 65 வெள்ளி என்று வைத்திருந்தால், 60 வெள்ளி வரும்படி தரும் ஆளுக்கு இடமில்லாமல் போகும். அமெரிக்காவில் 1992இல் நியூ ஜெர்சி மாகாணம் குறைந்தபட்சக் கூலியை உயர்த்தியபோது, டேவிட் கார்டு, ஆலன் குரூகர் என்னும் இருவர் அண்டை மாகாணமாகிய பென்சில்வேனியாவுடன் ஒப்பிட்டு உணவுக்கடைகளை ஆராய்ந்தனர். வேலை குறைந்ததாகக் காணவில்லை என்று 1994இல் எழுதினர். வேறு சிலர் அதை மறுத்தனர். வாதம் பல ஆண்டுகள் நடந்தது. கார்டு 2021இல் நோபல் பரிசு பெற்றார். இப்படி அறிஞரே வழக்காடும் ஒரு விஷயத்தை ‘இப்படியே எழுதுக’ என்று பிள்ளைக்குக் கொடுப்பவரை ஆசிரியர் என்று அழைப்பதெப்படி? வழக்கின் இரு பக்கத்தையும் எடுத்துவைத்து, எந்த நிலையில் எது பொருந்தும் என்று சொல்லத் தெரிந்தவரே அப்பெயருக்கு உரியவர்.

சம்பளச் சீட்டே முதற் புத்தகம்

நல்ல பொருளாதார ஆசிரியரின் முதல் இலக்கணம் இதிலிருந்தே விளங்கும். அவர் மாணாக்கரின் வீட்டிலிருந்து பாடத்தைத் தொடங்குவார். இங்கிலாந்தின் துணியையும் போர்த்துக்கலின் திராட்சை மதுவையும் வைத்து ரிக்கார்டோ 1817இல் வாணிபத்தை விளக்கினார். அது சிறந்த விளக்கமே. ஆனால் சுங்கை வேயில் உட்கார்ந்துகொண்டு போர்த்துக்கல் வரைக்கும் போய்விட்டு அங்கேயே தங்கிவிடுவது என்ன விவேகம்? 1972 முதல் இவ்வூரில் சுதந்திர வாணிப வட்டாரம் இருக்கிறது. தோட்டத்துப் பெண்கள் பலர் வெளியேறி வந்து அதன் தொழிற்சாலைகளில் அமர்ந்தார்கள். உறுப்புகள் தீர்வையின்றி வெளிநாட்டிலிருந்து வருகின்றன, இங்கே பொருத்தப்படுகின்றன, மீண்டும் கப்பலேறுகின்றன. நூறு வெள்ளிப் பொருள் ஏற்றுமதியானால் அதில் எழுபது வெள்ளி இறக்குமதியான உறுப்பு என்று வைத்துக்கொண்டால், இந்நாட்டில் உண்டானது முப்பதே. கூட்டு மதிப்பு என்பது இதுதான் என்று சொன்னால், தேசிய வருமானக் கணக்கு பிள்ளைக்கு ஒரே மாலையில் விளங்கும். தன் தாயின் கை அந்த முப்பதில் எங்கே இருக்கிறது என்றும் அவள் தேடுவாள்.

நெகிழ்ச்சி என்னும் பாடத்திற்குப் பால்மரத்தைவிடச் சிறந்த உதாரணம் ஏது? நட்ட மரம் வெட்டுக்கு வர ஆறேழு ஆண்டு ஆகும். இன்று விலை ஏறினாலும் நாளை மரம் முளைத்துப் பால் தராது; விலை இறங்கினாலும் நட்ட மரத்தைப் பிடுங்கிவிட முடியாது. ஆகவே ரப்பர் விலை ஏறும்போது தாறுமாறாக ஏறும். விழும்போது தலைகீழாக விழும். இதைத் தடுக்கவே 1922இல் ஸ்டீவன்சன் திட்டம் என்ற பெயரால் மலாயாவும் இலங்கையும் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தின. டச்சுக்காரர் ஆண்ட கிழக்கிந்தியத் தீவுகள் அதில் சேரவில்லை. விலை ஏற்றத்தைப் பயன்படுத்திக்கொண்டு அங்குள்ள சிறு தோட்டக்காரர் மேலும் மேலும் நட்டார்கள். 1928இல் திட்டம் கைவிடப்பட்டது. அடுத்து வந்த உலகப் பெருமந்தத்தில் ரப்பர் விலை வீழ்ந்தது, கூலி வெட்டப்பட்டது, பல்லாயிரம் தமிழர் கப்பலேற்றி ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். ஒரு கோட்டின் சாய்வு எத்தனை குடும்பங்களின் தலையெழுத்தை எழுதிற்று என்று ஆசிரியர் காட்டவேண்டாமா?

நம் மேசைக்கு முன் நின்ற பெரியவரின் கேள்விக்கும் இங்கேதான் விடை இருந்தது. எண்ணெயின் விலை உலகச் சந்தையில் தீர்மானமாகிறது. கூலியோ, அதே வேலைக்கு வெளியில் எத்தனை பேர் காத்திருக்கிறார்கள், இவர் இதை விட்டால் வேறெங்கே போக முடியும் என்னும் இரண்டினால் தீர்மானமாகிறது. ஆர்தர் லூயிஸ் என்னும் அறிஞர் 1954இல் எழுதிய கட்டுரையில், ஆள் வரத்து வற்றாத இடத்தில் உற்பத்தி எவ்வளவு பெருகினாலும் கூலி பழைய கிராமத்து வரும்படியை ஒட்டியே நிற்கும் என்று விளக்கினார். 1938இல் இந்திய அரசாங்கம் கூலியாட்கள் உதவி பெற்று இங்கு வருவதைத் தடுக்கும் வரையில், நம் தமிழ்நாட்டுக் கிராமங்களே அந்த வற்றாத ஊற்றாக இருந்தன. பிறகு ஊற்று வேறு தேசங்களுக்கு மாறிற்று. இது பத்து நிமிஷத்தில் சொல்லக்கூடிய பதில். அதை அறிந்த தொழிலாளி, தன் கூலி தன் தலைவிதி என்று எண்ணமாட்டான். தன் பேரம் பேசும் வலிமையை எப்படிக் கூட்டுவது என்றே எண்ணுவான்.

பங்கு, இலாபம் என்னும் பாடங்களும் அப்படியே. 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம், தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், தொழிலாளர் சிறுகச் சிறுகக் கட்டிய பணத்தைத் திரட்டித் தோட்டங்களையே வாங்கிற்று. 1982இல் தோன்றிய மைக்கா ஹோல்டிங்ஸ், நூறு மில்லியன் வெள்ளிக்கு மேல் நம்மவரிடம் திரட்டிற்று. எதிர்பார்த்த இலாபம் வரவில்லை. 2010இல் ஒரு வெள்ளிப் பங்குக்கு 80 காசு தருவதாக ஒரு தனியார் நிறுவனம் முன்வந்தது. ஏறத்தாழ முப்பது ஆண்டில் பண்டங்களின் விலை ஏறியிருக்க, அந்த 80 காசின் உண்மை மதிப்பு என்ன? இரண்டும் நம்மவர் பணமே. முடிவு மாறியது எதனால்? ஐந்தொகைக் கணக்கைப் படிக்கத் தெரிந்தவர் வீட்டுக்கு ஒருவர் இருந்திருந்தால் கேட்டிருக்கக்கூடிய கேள்விகள் இவை. பிள்ளைகள் இனியாவது கேட்கக் கற்க வேண்டும்.

மூன்று மொழியும் ஒரு கருத்தும்

இரண்டாவது இலக்கணம் மொழியைப் பற்றியது. நம் பிள்ளைகளிற் பலர் ஆறு ஆண்டு தமிழ்ப்பள்ளியிலும், பின்னர் மலாய் மொழியிலும் படித்து, மேற்படிப்பில் ஆங்கில நூல்களைச் சந்திக்கிறார்கள். மூன்று வாசல் கடந்து வரும்போது கருத்து எங்கோ நழுவி விழுந்துவிடுகிறது. சொல் மட்டும் கையில் நிற்கிறது.

‘கோஸ் லெபாஸ்’ என்று மலாய்ப் புத்தகம் சொல்லுகிறது. ‘லெபாஸ்’ என்றால் கையை விட்டுப் போனது என்று அறியாத பிள்ளை நம்மிடையே உண்டா? ஒன்றைத் தேர்ந்துகொண்டதனால் கைவிட்டுப் போன மற்றொன்றே அதன் செலவு. அந்தத் தாயாருக்கு டியூஷனின் விலை கட்டணம் மட்டுமன்று; பிள்ளையோடு இருந்திருக்கக்கூடிய ஞாயிற்றுக்கிழமையும் சேர்ந்ததே விலை. மலாய்ச் சொல்லே பாதிப் பாடத்தை நடத்திவிடுகிறது. ‘கெஆஞ்சாலான்’ என்பது நெகிழ்ச்சிக்கு மலாய்ப் பெயர். நமது பிள்ளையின் காதிலோ அதன் நடுவில் ‘அஞ்சல்’ விழுகிறது. தபாலுக்கும் விலைக்கும் என்ன சம்பந்தம் என்று திகைக்கிறது. சிரித்து அத்திகைப்பைப் போக்கி, ரப்பர் வளையம் ஒன்றை இழுத்துக் காட்டுபவர் ஆசிரியர். அத்திகைப்பை அறியாமலே அடுத்த பக்கம் புரட்டுபவர் வேறு எவராயினும் ஆகட்டும்.

முதலில் தமிழில் வாயாற் சொல்லச் செய்து, பிறகு மலாயிலும் ஆங்கிலத்திலும் எழுதச் செய்வதே முறை. கேம்பிரிட்ஜில் பொருளாதாரத்தை ஒரு தனிப்பாடமாக நிலைநிறுத்திய ஆல்பிரட் மார்ஷல், கணிதத்தில் வல்லவர். அவரே 1906இல் ஒரு நண்பருக்கு எழுதிய கடிதத்தில், கணிதத்தைச் சுருக்கெழுத்தாக மட்டும் வைத்துக்கொண்டு, கண்ட முடிவைப் பேச்சுமொழியிலே பெயர்த்து, வாழ்க்கையில் முக்கியமான உதாரணத்தால் விளக்கி, பின்னர் கணிதத்தை எரித்துவிட வேண்டும் என்னும் கருத்தைச் சொன்னார். நம் நாட்டிலேயே, மலாயாப் பல்கலைக்கழகத்தில் பல்லாண்டு போதித்து 2020இல் மறைந்த பேராசிரியர் உங்கு அஜீஸ், ஒரு குடும்பத்தின் வறுமையை அளக்க வீட்டிலுள்ள ஆட்களுக்கு எத்தனை கைலி இருக்கிறது என்று எண்ணிப் பார்க்கச் சொன்னார். உலகறிந்த அறிஞர் கைலியை எண்ணுவதை இழிவாகக் கருதவில்லை. நம் டியூஷன் ஆசிரியர்களுக்குச் சம்பளச் சீட்டு ஏன் இழிவாய்ப் போயிற்று?

‘தேர்வு வேண்டாமா?’

“இவையெல்லாம் அழகாய் இருக்கின்றன, ஆனால் ஏழைப் பிள்ளைக்கு வேண்டியது மதிப்பெண் அல்லவா? பல்கலைக்கழக வாசல் அதனால்தானே திறக்கிறது?” என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வியே. தேர்வை இகழ்பவர் வசதியுள்ள வீட்டில் பிறந்தவராகத்தான் இருக்க வேண்டும். நாம் அதை இகழவில்லை. பழைய வினாத்தாள்களை எடுத்து வைத்து, நேரம் குறித்து எழுதச் செய்து, சிவப்பு மையினால் திருத்தி, எந்த வரிக்கு மதிப்பெண் உண்டு, எதற்கு இல்லை என்று காட்டுவது ஆசிரியரின் கடமை.

ஆனால் மனப்பாடம் மதிப்பெண்ணையும் காப்பாற்றுவதில்லை. வினாவைச் சிறிது திருப்பிக் கேட்டால் மனப்பாடம் செய்தவன் நின்றுவிடுகிறான். இதோ ஒரு சோதனை: ‘விலை ஏறினால் தேவை குறையும், தேவை குறைந்தால் விலை இறங்கும், ஆகவே விலை ஏறினால் விலை இறங்கும்.’ இதில் பிழை எங்கே? முதல் வாக்கியத்தில், கோடு இருந்த இடத்திலேயே இருக்க, நாம் அதன்மேல் நகர்கிறோம். வாங்கும் அளவுதான் குறைகிறது. இரண்டாவது வாக்கியத்தில் கோடே இடம் பெயர்கிறது. அதற்கு விலையல்லாத வேறொரு காரணம் வேண்டும். ‘தேவை’ என்ற ஒரே சொல் இரு பொருளில் வந்து ஏமாற்றிவிட்டது. இதை விளங்கிக்கொண்ட பிள்ளைக்கு எந்த வினாவும் அச்சமூட்டாது. இதை விளங்காமல் நூறு பக்கம் ஒப்பித்த பிள்ளை, முதல் திருப்பத்திலேயே விழும். ஆகவே விளக்கம் வேண்டுமா, மதிப்பெண் வேண்டுமா என்று நம்மைத் தேர்ந்துகொள்ளச் சொல்வது விடை விற்பவரின் தந்திரமே ஒழிய வேறில்லை.

டியூஷனின் பொருளாதாரத்தையே டியூஷனில் ஏன் கற்பிப்பதில்லை என்றும் கேட்கிறோம். கூட்டத்தில் ஒருவன் எழுந்து நின்றால் அவனுக்கு நன்றாய்த் தெரியும். எல்லாரும் எழுந்து நின்றால் எவனுக்கும் கூடுதலாய்த் தெரியாது. கால் வலிதான் மிச்சம். எல்லாப் பிள்ளைகளும் ஒரே விடைத்தாளை வாங்கினால் யாருக்கும் முன்னிலை இல்லை. வாங்கப் பணமில்லாத பிள்ளைக்கு மட்டும் பின்னிலை உண்டு. விளக்கமோ அப்படிப்பட்ட சரக்கன்று. ஒரு பிள்ளை விளங்கிக்கொண்டதை மற்றொரு பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்தால் இருவரிடமும் அது இருக்கிறது.

பெற்றோர் கேட்க வேண்டியவை

தோட்டத்திலும் நகரத்திலும் உள்ள பெற்றோருக்குச் சொல்லுகிறோம். மீன் வாங்கும்போது செவுளைத் தூக்கிப் பார்க்கிறீர்கள். ஆசிரியரை வைக்கும்போது சுவரிலுள்ள ‘ஏ’க்களை மட்டும் எண்ணுகிறீர்களே, இது தகுமா? அந்த ‘ஏ’க்களை வாங்கிய பிள்ளைகள் அவரிடம் வருமுன்பே கெட்டிக்காரராய் இருந்தார்களா என்று யார் கண்டது? ஆகவே முதல் நாள் வகுப்பில் நீங்களும் கால் மணி நேரம் உட்காருங்கள். உங்கள் சம்பளச் சீட்டை எடுத்து மேசைமேல் வைத்து, “ஐயா, இதில் என் பிள்ளைக்கு ஒரு பாடம் நடத்துங்கள்” என்று சொல்லுங்கள். நடத்துவாரானால் பிள்ளையை விடுங்கள். ‘இது சிலபஸில் இல்லை’ என்பாரானால், கும்பிட்டுவிட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

ஒரு மாதம் கழித்துப் பிள்ளையிடம், இந்த மாதம் என்ன படித்தாய் என்று தமிழில் கேளுங்கள். உங்களுக்குப் பள்ளிப் படிப்பு இல்லாமல் இருக்கலாம். ஆயினும் பிள்ளை சொல்வது உங்களுக்கு விளங்குமானால் பிள்ளைக்கும் விளங்கியிருக்கிறது. உங்களுக்கு விளங்காவிட்டால் குற்றம் உங்களுடையது என்று தலைகுனிய வேண்டாம். ஆசிரியர் பிள்ளையின் கையெழுத்தை வாசித்துத் திருத்துகிறாரா என்று கொப்பியைப் புரட்டிப் பாருங்கள். ஆறு மாதத்தில், தாமே ஒரு செய்தித்தாளைப் படித்துப் பொருள் சொல்லும் அளவுக்குப் பிள்ளை வந்திருக்க வேண்டும். நல்ல ஆசிரியர் தாம் இல்லாமலே பிள்ளை நடக்கும் நாளை நோக்கி உழைப்பவர். விடை விற்பவரோ அந்த நாள் வராமற் பார்த்துக்கொள்பவர். வந்தால் அவர் வியாபாரம் போய்விடும்.

ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. கட்டணம் வாங்குவதை நாம் குறை கூறவில்லை; உழைப்புக்குக் கூலி வேண்டும் என்பதே நமது கட்சி. ஆனால் ஒரு தாயின் ஞாயிற்றுக்கிழமையை வாங்குகிறோம் என்பதை நினைவில் வைத்து, அதற்கு ஈடாக என்ன கொடுக்கிறோம் என்று ஒவ்வொரு மாலையும் கணக்குப் பார்ப்பது நலம்.

கணக்கு நமக்கும் உண்டு. ஆங்கிலம் படித்த கிராணிமார், அலுவலகத்தார், பட்டம் பெற்றவர் ஆகிய நாம், வாரத்தில் ஒரு மாலையை நம் லயத்துக்கும் அடுக்குமாடிக்கும் கொடுத்தால் இவ்வியாபாரத்தின் பாதி தானே படுத்துவிடும். சுங்கை வேயில் நமது வீட்டுக் கூடத்தில் அந்தப் பெண்ணும் அவள் தோழியர் மூவரும் இப்போது வெள்ளிக்கிழமை தோறும் உட்காருகிறார்கள். கட்டணம் இல்லை, விடைத்தாளும் இல்லை. ஆளுக்கொரு கேள்வி கொண்டுவர வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. முதல் வெள்ளிக்கிழமை நாமே ஒரு கேள்வி கொண்டு சென்றோம். அந்தப் பெரியவர் சம்பள மேசைக்கு முன் நின்று கேட்ட கேள்வி அது. இரண்டு மணி நேரம் அதைப் பேசினார்கள். மறுநாள் தோட்டத்திற்குப் போனதும் அவரைத் தேடினோம். அவர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார் என்றார்கள். நமது பதில் மூன்று வருஷம் தாமதமாகிவிட்டது.